பனிவண்டியின் கடைசி இடத்தில் என் அண்ணன்

வருகிற அமாவாசையோடு அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அண்ணனைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஓர் ஊரில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் தங்கியதில்லை. கப்பலில் கரி அள்ளியிருக்கிறேன், கொழும்பில் மூட்டை தூக்கியிருக்கிறேன், பரிசல் தள்ளியிருக்கிறேன். எழுதுவது எனக்குப் பழகாத வேலை. ஆனாலும் சுவிட்சர்லாந்து தேசத்துப் பனிமலையில் அண்ணன் இருந்த ஐந்து பனிக்காலமும் அவர் கூடவே இருந்தவன் நம் உறவில் நான் ஒருவன்தான். நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத முடியாது.

காரியத்தன்று வந்திருந்த பெரியவர்கள் பலர் அண்ணனைப் பயம் அறியாதவர் என்று புகழ்ந்து பேசினார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால் அது சரியில்லை. அண்ணனைப்போல் பயந்த மனிதரை நான் எந்தத் தேசத்திலும் பார்த்ததில்லை. அதை மறைத்து எழுதினால் அண்ணனைப் பற்றி எழுதியதாகாது.

அண்ணன் பிறந்தது மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டில். அப்பா கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்துபோனார். அப்போது அண்ணனுக்குப் பதினாறு வயது இருக்கும், எனக்குப் பத்து. அப்பாவின் மேல் விழுந்த மண்ணை அள்ள முதலில் உள்ளே இறங்கியவர் அண்ணன். மேலும் சரியும் என்று ஊரார் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அழுதுகொண்டே, கால்கள் வெடவெடவென்று ஆட, அள்ளிக்கொண்டிருந்தார். அடுத்த இரண்டு வருடமும் மழை இல்லை. சோளத்தட்டுகூட விளையவில்லை. அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடிவாரத்தில் உள்ள கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்ந்தார். அங்கே மலைப் பாதையில் காப்பி மூட்டை இறக்கும் வண்டிகளில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலையிலிருந்து பாரத்தோடு இறங்கும் மாட்டுவண்டியை மாடுகளால் தாங்க முடியாது. வண்டியின் பின்னால் சங்கிலியில் ஒரு வேலங்கட்டை தொங்கும். வண்டிக்குப் பின்னால் நடந்து வரும் ஆள் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்தக் கட்டையைச் சக்கரத்தோடு சேர்த்து இழுத்து அழுத்த வேண்டும். இதற்குக் கட்டை போடுவது என்று பெயர். வளைவு வந்த பிறகு போட்டால் பிரயோசனம் இல்லை. வண்டி, மாடு, வண்டிக்காரர் எல்லாம் பள்ளத்தில்தான். அண்ணன் பத்து வருடம் அந்தப் பாதையில் கட்டை போட்டார். அவர் கட்டை போட்ட வண்டி ஒன்றுகூடக் கவிழ்ந்ததில்லை. மற்றவர்கள் வளைவுக்குப் பத்தடி முன்னால் கட்டை போட்டால் அண்ணன் முப்பதடி முன்னாலேயே போட்டுவிடுவார். வண்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

“ஏனுங்க, வளைவே கண்ணுல காணம், அதுக்குள்ள கட்டையா? நாளைக்குத் தோட்டத்துல மூட்டை ஏத்தறப்பவே போட்டுருவீங்களாட்ட இருக்குது!”

“சிரிங்க, சிரிங்க. சிரிக்கறதுக்காச்சும் உசுரோட ஊடு போய்ச் சேருவீங்கல்ல” என்பார் அண்ணன்.

ஒரு மழை நாள், மலையிலிருந்து இறங்கும்போது வண்டியின் சங்கிலி அறுந்துபோனது. பாரம் மாடுகளைத் தள்ளிக்கொண்டு வளைவை நோக்கி ஓடியது. அண்ணன் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி, சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவில் அதைச் செருகி, தன் காலையும் சேர்த்துக் கொடுத்து நிறுத்தினார். இடது காலின் இரண்டு விரல்கள் அன்றைக்குப் போயின. பின்னாலேயே காரில் வந்த காப்பித் தோட்டத்துத் துரை இறங்கி ஓடி வந்தார். வண்டி நின்றுவிட்டது, மாடுகள் பிழைத்துவிட்டன. அண்ணன் பாதையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். காலைப் பார்த்து அல்ல, பள்ளத்தைப் பார்த்து.

அந்தத் துரைக்குத் தன் தேசத்தில் பனிக்காலத்தில் ஒரு விளையாட்டுப் பைத்தியம். மலை உச்சியிலிருந்து பனி வாய்க்காலில் வண்டி விடும் பந்தயம். தோட்டத்தைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு வருடந்தோறும் அதற்காகவே கப்பல் ஏறத் தீர்மானித்திருந்தார். அண்ணனின் கால் ஆறியதும் கூப்பிட்டு அனுப்பினார். நானும் துணைக்குப் போனேன்.

“பனி ஊர் வர்றியா? நாலு ஆள் வண்டி. முன்னால நான். கடைசியில கட்டை. கட்டை நீ” என்றார் துரை, தெரிந்த தமிழில்.

“மாடு எத்தனைங்க தொரை?” என்று கேட்டார் அண்ணன்.

“மாடு இல்லை.”

“மாடில்லாம வண்டி எப்பிடிங்க போகும்?”

“கீழே போகும்” என்றார் துரை.

அண்ணனின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். துரை என்னைப் பார்த்து, அண்ணன் வந்தால் சமையல் வேலைக்கு என்னையும் அழைத்துப்போவதாகச் சொன்னார். எனக்குக் கடலைப் பார்க்க வேண்டும், கடலுக்கு அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அம்மா கேட்டதும் முதலில் அழுதார். பிறகு, “நாம யாரு சொல்றதுக்கு? அவளைக் கேப்போம் சாமி. அவ போன்னா போ” என்று எங்களைக் குலதெய்வத்தின் கோயிலுக்குக் கூட்டிப்போனார். நம் வழக்கம் உறவினர் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. விஷயம் அறியாத ஒருவரைக் கொண்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது; அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

பொட்டலம் கட்டும் வேலையை அம்மா என்னிடம் கொடுத்தார். கோயிலுக்குப் பின்னால் போய் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தேன்.

இதை எழுத ஓர் ஆண்டு யோசித்தேன். அம்மா இப்போது இல்லை, அண்ணனும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன். அந்த வழியாகப் புல் சுமையோடு போன ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அம்மா எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டேன்.  அப்பா கிணற்றில் போனவர். கிணறு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கப்பல் ஏறும் வரை நான் எந்தக் கிணற்றுப் பக்கமும் போகவில்லை.

கடலைப் பற்றியும் ரயிலைப் பற்றியும் எழுத இது இடமில்லை. பனிமலைக்குப் போய்ச் சேர்ந்தோம். மலைச் சரிவில் ஒரு மைல் நீளத்துக்கு வாய்க்கால்போல் வெட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் பனிச்சுவர். அதில் எஃகுச் சட்டங்களின் மேல் ஒரு வண்டி. நான்கு பேர் அதைத் தள்ளிக்கொண்டு ஓடி, ஒவ்வொருவராகத் தாவி உட்கார வேண்டும். முன்னால் இருப்பவர் திருப்புவார். நடுவில் இரண்டு பேர் பாரத்துக்கு. கடைசி ஆள்தான் அதிக வேகமாகத் தள்ளி, கடைசியில் ஏற வேண்டும். அவர் கையில் இரும்புப் பல் வைத்த கட்டையின் பிடி. சேலத்து ரயிலைவிட வேகமாக அது இறங்கும். வளைவில் வண்டி சுவரில் ஏறி, மனிதர்கள் பூமிக்குப் பக்கவாட்டில் படுத்தபடி போவதை முதல் நாள் பார்த்தபோது, அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். 

“சின்னவனே, அம்மன் இதையெல்லாம் பாத்துட்டுத்தான் சரின்னு சொல்லியிருப்பாளா?” என்று கேட்டார்.

“பாக்காமயா சொல்லுவாங்ணா” என்றேன் நான்.

முதல் பந்தயத்தில் அண்ணன் ஒரு தவறு செய்தார். ஏற்காட்டுப் பாதையில் பத்து வருடம் கட்டை போட்டவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. மூன்றாவது வளைவுக்கு முப்பதடி முன்னாலேயே கட்டையை இழுத்துவிட்டார். அந்த விளையாட்டில் கட்டை என்பது எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு நிறுத்துவதற்கு மட்டும்தான். நடுவில் இழுத்தால் பனி பிய்ந்துபோகும், வண்டியின் வால் சுழலும். அன்று அப்படித்தான் சுழன்றது. துரையின் தோள் எலும்பு முறிந்தது. பந்தயத்திலிருந்தும் விலக்கிவிட்டார்கள்.

“என்ற கை என்னையக் கேக்காமயே இழுத்துருச்சுங்க தொரை” என்று அண்ணன் கட்டிலின் பக்கத்தில் நின்று சொன்னார்.

“இன்னொரு தடவை இழுத்தா கப்பல்” என்றார் துரை.

கட்டை இல்லாமல் இறங்கச் சொல்லியிருந்தால்கூட அண்ணனால் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, வளைவு வருவது தெரிந்து, அதைப் போடாமல் இருப்பதுதான் அவரால் முடியவில்லை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. துரையின் தோள் தேறி மறுபடி வண்டி ஏறவிருந்த அன்று காலையில் என்னிடம் வந்து, அம்மா கொடுத்து அனுப்பியிருந்த திருநீற்று டப்பாவையும் குங்கும டப்பாவையும் நீட்டினார்.

“பொட்டலம் கட்டு. திருநீறு வந்தா போறேன். குங்குமம் வந்தா நாம ஊருக்குப் போயிரலாம். அவ சரின்னு சொல்லீட்டா நான் கட்டையைத் தொட மாட்டேன். அதுக்கப்பறம் அது அவ பொறுப்பு.”

எடுத்துக்கொடுக்க, நான் வேலை பார்த்த விடுதிச் சமையலறையில் ரொட்டி சுடும் அம்மாளைக் கூப்பிட்டோம். அவருக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே மாவுக் கையால் ஒன்றை எடுத்தார். திருநீறு. இரண்டிலும் திருநீறுதான். எடுக்காத பொட்டலத்தை அண்ணன் பிரிக்காமல் அடுப்பில் போட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் இது நடந்தது. ஒவ்வொரு முறையும் நான் இரண்டிலும் திருநீற்றையே கட்டினேன். முதலில், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தால் கட்டினேன். பிறகு, அம்மன் சரி என்றால்தான் அண்ணனின் கை அசையாமல் இருக்கிறது என்று கண்டபிறகு, கை அசைந்தால் நான்கு பேரும் சாவார்களே என்ற பயத்தால் கட்டினேன். பந்தயம் நடக்கும்போது சமையலறையின் பின்வாசலில் நிற்பேன். வண்டி இறங்கும் சத்தம் துணி கிழிப்பதுபோல் மலையிலிருந்து கேட்கும். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் நின்று மறுபடியும் கேட்கும். அந்த இடைவெளியில் நான் மூச்சு விட்டதில்லை. சத்தம் மறுபடி கேட்காவிட்டால் அண்ணனைக் கொன்றவன் நான். அதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை.

இரண்டாம் பனிக்காலத்தில் ஒரு சிறிய கோப்பை கிடைத்தது. மூன்றாவதில் இரண்டு. நான்காவதில் அந்த ஊரின் பெரிய கோப்பையைத் துரையின் வண்டி வென்றது. இரண்டாவதாக வந்த வண்டிக்கும் எங்கள் வண்டிக்கும் கண் இமைக்கும் நேரமே வித்தியாசம். அண்ணன் தள்ளுகிற தள்ளில்தான் அது கிடைத்தது என்று துரையே எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கட்டை வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பழகிய கால்கள் அவருடையவை. முன்னுக்குத் தள்ளச் சொன்னபோது அந்த ஊர்க்காரர் யாராலும் அவரோடு ஓட முடியவில்லை. பத்திரிகையில் படம் வந்தது. படத்தில் மற்ற மூவரும் சிரிக்கிறார்கள். அண்ணன் மட்டும் கேமராவைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தைத்தான் இந்த மலரில் போட்டிருக்கிறோம்.

கோடையில் ஊருக்கு வந்தபோது கோப்பையை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்ன சாமி பண்றது? குடிக்கவும் முடியாது, அளக்கவும் முடியாது. இதுக்கா அந்த எமன் வண்டியில ஏறுன?” என்று தவிட்டுப் பானைக்குள் கவிழ்த்து வைத்துவிட்டார். அந்தக் கோடையில்தான் அண்ணனுக்கும் அண்ணிக்கும் திருமணம் நடந்தது. அம்மனுக்கு ஒவ்வொரு வருடமும் கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். நான் அந்தப் பொங்கலைச் சாப்பிடாமல் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியூர் போய்விடுவேன். நான் ஊர் சுற்றி என்று உறவில் பெயர் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் பனிக்காலம்தான் கடைசி. பெரிய பந்தயத்துக்கு முதல் நாள், பழகுவதற்காக இறங்கிய வேறொரு வண்டி ஏழாவது வளைவில் சுவரைத் தாண்டி மரத்தில் மோதியது. தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று சமையலறையிலிருந்தவர்களையும் கூப்பிட்டார்கள். நானும் போனேன். கம்பளியில் கிடத்தித் தூக்கினோம். நான் பிடித்த பக்கத்தில் கிடந்தவர் அந்த வண்டியின் கடைசி ஆள். அவர் கையில் கட்டையின் பிடி முறிந்து அப்படியே இருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. எங்கள் வண்டியில் மூன்றாம் இடத்தில் உட்காருகிறவரும் அதைப் பார்த்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டு அன்று மாலை ரயிலுக்கே போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல் டப்பாக்களைக் கொண்டுவந்தார். அந்த முறிந்த பிடி என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் இரண்டு பொட்டலத்திலும் குங்குமத்தைக் கட்டினேன்.

ரொட்டி அம்மாள் எடுத்துக் கொடுத்தார். அண்ணன் பிரித்தார். சிவப்பைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. ஐந்து வருடமாகச் சரி சொல்லி வந்தவள் கைவிட்டாளே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குள் ஒரு நிம்மதி. இனி ஏற மாட்டார், ஊருக்குப் போய்விடலாம்.

அந்த அம்மாள் நல்ல மனுஷி. அண்ணனின் முகம் வாடியதைப் பொறுக்காமல், வெள்ளை வரவில்லை என்றுதான் இவர் வருந்துகிறார், அது மற்றதில் இருக்கும், அதை எடுத்துக் கொடுத்தால் போயிற்று என்று நினைத்துவிட்டார். எங்கள் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? நான் கை நீட்டுவதற்குள் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து அண்ணன் முன்னால் நீட்டினார். அதுவும் குங்குமம். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அண்ணன் அந்த இரண்டு காகிதத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ரெண்டும் செவப்பா?”

“ஆமாங்ணா. நேத்து அந்த ஆளைத் தூக்குனேன். அதான்...”

“போன வாட்டி?”

“ரெண்டும் வெள்ளைங்ணா.”

“அதுக்கு முந்தி?”

“எல்லா வாட்டியும் வெள்ளைதானுங்ணா.”

“ஊர்ல? அம்மா முன்னால?”

 அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குங்கும டப்பாவின் மூடியைத் தேடி எடுத்து நிதானமாக மூடினார். 

“அப்ப இத்தனை நாளும் நான் தனியாத்தான் எறங்குனனா?” என்றார். டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, “தொரை மூணாவது எடத்துக்கு ஆளில்லாம அலையறாரு. நீ ஏறறேன்னு போய்ச் சொல்லு” என்றார்.

“எனக்கு அந்த வேலை தெரியாதுங்ணா!”

“குனிஞ்சு உக்காரோணும், அவ்வளவுதான். அம்மன் இல்லாம என்னைய ஏத்தி உட்டவன் நீ. உனக்குப் பொறத்தால நானாச்சும் இருக்கறேன். ஏறு.”

“நீங்க ஏறாதீங்கன்னுதான் நான் செவப்பே கட்டுனேன்...”

“நான் ஏறலீன்னா தொரை வேற எவனையாவது கட்டைக்குப் புடிச்சு உக்கார வெப்பாரு. நேத்துத் தூக்குனியே, அந்த மாதிரி இன்னொருத்தனத் தூக்குவியா?”

துரை என்னை மேலும் கீழும் பார்த்தார். “எடை இல்லை. பரவாயில்லை” என்றார். தோல் தொப்பியை மாட்டிவிட்டார்கள். தள்ளி ஓடியதும் தாவியதும் எனக்கு நினைவில்லை. உட்கார்ந்த பிறகு நடந்தது நினைவிருக்கிறது. முதலில் சத்தம் இல்லை. பிறகு காதுக்குள் காற்று முட்டியது. முதல் வளைவில் என் வயிறு ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. பனிச்சுவர் தலைக்கு மேல் வந்தது. யாரோ என்னைப் பாறாங்கல்லால் கீழே அழுத்துவதுபோல் இருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. மூன்றாவது வளைவிலேயே, “கட்டை போடுங்ணா! கட்டை போடுங்ணா!” என்று கத்த ஆரம்பித்துவிட்டேன். கட்டை விழவில்லை. அவருடைய முழங்கால்கள் என் இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்திருந்தன. அவை நடுங்கிக்கொண்டிருந்தன. வண்டியின் அதிர்வு வேறு, அந்த நடுக்கம் வேறு. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஏழாவது வளைவு வந்தது. முதல் நாள் உடைந்த சுவரில் புதிதாகப் பனி அப்பியிருந்தார்கள். அது மட்டும் வேறு வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி அதன்மேல் ஏறியது. நான் கண்ணை மூடவில்லை, மூட வரவில்லை. அம்மா என்றும் கத்தவில்லை, அம்மன் என்றும் கத்தவில்லை. அண்ணா என்று கத்தினேன். சுவர் தாங்கியது. பிறகு நேரான பாதை, எல்லைக் கோடு. அதன் பின்புதான் கட்டை பனியைக் கடிக்கும் சத்தம் கேட்டது. எங்கள்மேல் பனித்தூள் மழைபோல் கொட்டியது.

நாங்கள் நான்காவதாக வந்தோம். கோப்பை இல்லை. நான் வண்டியிலிருந்து இறங்க முடியாமல் அப்படியே இருந்தேன். என் கால்சட்டை நனைந்திருந்தது. அண்ணன் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“ஒவ்வொரு வாட்டியும் எனக்கு இப்பிடித்தான்டா இருக்கும். அதுக்குத்தான் அவளைக் கேட்டேன்.”

அதன்பின் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கப்பலிலும் பேசவில்லை. ஊர் வந்து சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே கேட்டார்: “அம்மன் இந்த வருசமும் வெள்ளை குடுத்தாளா சாமி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே உடைந்துபோயிருப்பார்.

“குடுத்தாளுங்கம்மா” என்றார் அண்ணன். என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த பனிக்காலத்துக்குள் ஐரோப்பாவில் சண்டை வந்துவிட்டது. துரை திரும்பி வரவேயில்லை. அண்ணன் தோட்டத்து மூட்டைக் கொட்டகையில் நிறுப்பு வேலை பார்த்தார். சண்டைக் காலத்துப் பஞ்சத்தில் கேழ்வரகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் எல்லோரும் பட்ட பாட்டை அவரும் பட்டார். பனியில் விழுந்து விழுந்து இடது காது கேட்காமல் போயிருந்தது. விலா எலும்பு இரண்டு தடவை முறிந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. ஏற்காட்டுக்குப் பஸ் விட்ட பிறகும் அவர் அதில் ஏறியதில்லை. நடந்தே ஏறுவார், நடந்தே இறங்குவார்.

“பனியில பறந்தவரு பஸ்ஸுக்குப் பயப்படறீங்களே!” என்று மச்சான்மார் சீண்டினால், “அங்க கட்டை என்ற கையில இருந்துச்சு. இங்க டிரைவர் கையில இருக்குது. அவன் பீடி பத்த வெச்சுட்டு ஓட்டறான்” என்பார்.

இரண்டு பெண்மக்களையும் பள்ளிக்கு அனுப்பினார். மலைப் பாதையில் யாருடைய வண்டி சிக்கிக்கொண்டாலும் கூப்பிடாமலே போய்த் தோள் கொடுப்பார். ஒருவரிடமும் தன் கோப்பைகளைப் பற்றிப் பேசியதில்லை. அம்மா காலமான பிறகும் வருடா வருடம் கோயிலுக்குப் போய்வந்தார். ஆனால் பூக் கேட்டதில்லை. கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்.

சென்ற ஆண்டு அவருடைய கோணல் விலாவின் உள்ளே நீர் கோத்துக்கொண்டது. நான் அப்போது ஜேடர்பாளையத்தில் பரிசல் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆள் வந்து சொன்னதும் கிளம்பினேன். சேலத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீரை எடுக்க வேண்டும், உடம்பு தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டியதால் அவரை உட்கார்த்தியே வைத்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி உறவினர் நின்று தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “ஒண்ணும் ஆகாதுங்க, அம்மன் இருக்கறா” என்று எல்லோரும் சொன்னார்கள்.

நடுப்பகல் இருக்கும். அண்ணன் எல்லோரையும் விட்டு என்னைப் பார்த்தார்.

“பயமா இருக்குதுடா சின்னவனே.”

சொல்வதற்குப் பொய் என் வாயிலேயே இருந்தது. கோயிலுக்குப் போனேன், கேட்டேன், வெள்ளை வந்தது என்று சொல்லியிருக்கலாம். நான் அந்த வேலையில் பழகியவன். என்னைச் சுற்றி நின்றவர்களும் அப்படி ஏதாவது சொல்ல மாட்டானா என்றுதான் பார்த்தார்கள்.

“எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்ணா” என்றேன்.

 “சரி. அப்பக் கிட்ட வந்து உக்காரு” என்று கட்டிலில் இடம் விட்டார். உட்கார்ந்தேன். ஊசி போட வந்தபோதும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடிந்த பிறகு அவர் மூச்சு அடங்கியது. அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கட்டிலோடு தூக்கிச் சென்ற அடிவாரத்து வண்டிக்காரர்களுக்கும், கையைப் பிடித்து ஊசி போட்ட டாக்டருக்கும், காரியம் முடியும் வரை பன்னிரண்டு நாளும் தங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைத்துச் சோறு போட்ட பக்கத்து வீட்டாருக்கும், மல்லசமுத்திரத்திலிருந்து மழையில் நடந்து வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடல் கடந்த அந்த ஊரில் ஐந்து வருடம் எங்களுக்குச் சூடான ரொட்டி கொடுத்த அம்மாள் சண்டைக்குப் பின் இருக்கிறாரோ இல்லையோ, அவருக்கும் இந்த நன்றி சேரட்டும். அண்ணன் பெயரில் அம்மனுக்குக் கிடாய் வெட்டிய உறவினர் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம். நேரில் வந்து திட்டினால் கேட்டுக்கொள்வேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டினேன். பொட்டலம் கட்டிய இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். முடிந்ததும், “அவரு பயந்தாருன்னு எழுதுனதை ஒறவு ஒறம்பரைக்காரங்க எடுக்கச் சொல்லுவாங்க. எடுத்தறாதீங்க தம்பி” என்றார். எடுக்கவில்லை.